கைக்கத்தியின் கதை



வாளின் வரலாற்றை நாம் நிறையப் படித்திருக்கிறோம். எந்த மன்னன் எந்தக் களத்தில் வாளை உருவினான், எந்தப் பகைவனை வென்றான், பின்னர் எந்தப் பட்டத்தைப் புனைந்துகொண்டான் என்பனவெல்லாம் பாடநூலில் இருக்கின்றன, தேர்விலும் கேட்கப்படுகின்றன. ஆனால் வாளுக்கு மூத்த உறவினர் ஒருவர் உண்டு. அவர் பெயர் கைக்கத்தி. உழவனின் மடியிலும், பனையேறியின் இடுப்பிலும், புலவரின் ஓலைக்கட்டுக்கு அருகிலும், குமாஸ்தாவின் மேசையிலும், மாணவனின் சட்டைப்பையிலும் அவர் அடக்கமாக வாழ்ந்து வந்திருக்கிறார். வாளுக்குப் பரணி பாடினார்கள். கைக்கத்திக்கு யாரும் பாடவில்லை. ஆயினும் மனிதன் நாள்தோறும் உடன் வைத்துக்கொண்ட கருவிகளுள் அதைவிடப் பழையது வேறில்லை எனலாம்.

இந்தக் கதையைச் சொல்வதற்கு நான் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகருக்கோ, சிரியாவின் தமாஸ்கஸ் நகருக்கோ உங்களை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நான் வாழும் அம்பத்தூரிலிருந்தே தொடங்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற பெயர்களைக் கேட்டால் உங்களுக்கு ஆலைகளும், பட்டறைகளும், நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலைகளும் நினைவுக்கு வரும். "அங்கே வரலாறு என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டபோது, அது அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகவே சென்றது. அந்தப் பாதையிலே திருவள்ளூர் வரை சென்று, அங்கிருந்து பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து சற்று வடக்கே போனால், சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் வருகிறது. அதன் அருகே ஓடுவது கொசத்தலையாறு. கொற்றலையாறு என்றும் சொல்வார்கள். பூந்தமல்லிப் பக்கமாக வரும் கூவம் ஆறும் கேசாவரம் அணைக்கட்டில் இந்த ஆற்றிலிருந்துதான் பிரிந்து வருகிறது. ஆகவே நம் ஊர்களின் நீருக்கும், நான் சொல்லப்போகும் முதற் கத்திக்கும் பிறப்பிடம் ஒரே ஆற்றுச் சமவெளி என்று சொன்னால் மிகையாகாது.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்ற இளைஞர், பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டியெடுத்த ஒரு குழியருகே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வழிப்போக்கர் ஆயிரம் பேர் அதை மிதித்துச் சென்றிருக்கலாம். ஆனால் பூட் அவர்கள் அக்கல்லின் இரு பக்கங்களும் சீராகச் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், அதாவது 1859இல், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்கள் ஆதிமனிதன் செய்த கருவிகளே என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியை அறிந்திருந்த கண் பூட் அவர்களின் கண். அதனால் பல்லாவரத்துக் கல் அவருக்குப் பேசியது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குச் சென்றார்கள். அங்கே ஓடைக்கரையின் அரிப்பில் இத்தகைய கற்கள் ஒன்றிரண்டல்ல, ஏராளமாகக் கிடந்தன. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அவ்விடத்தில்தான் தொடங்கிற்று என்று சொல்லலாம். பூட் அவர்கள் நாடெங்கும் திரட்டிய கருவிகளை 1904இல் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

அக்கருவிகளை ஆராய்ச்சியாளர்கள் கைக்கோடரி, பிளப்பான், செதில் என்று வகைப்படுத்துகிறார்கள். கைக்கோடரி என்றதும் மரம் வெட்டும் கோடரியை எண்ணிவிடாதீர்கள். அதற்குக் காம்பு கிடையாது. உள்ளங்கையில் அடங்கும்; நீர்த்துளி போன்ற வடிவம் உடையது; ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை கைக்கு இதமாகவும் இருக்கும். ஒரே கருவியால் வெட்டலாம், அறுக்கலாம், சுரண்டலாம், தோண்டலாம். அதைச் செதுக்கும்போது தெறித்து விழும் செதில்களின் விளிம்பு இன்னும் மெல்லியது. தோலுரிக்கவும் இறைச்சி அரியவும் அதுவே ஏற்றது. ஆகவே அந்தச் செதிலையே நாம் கத்தியின் முதல் வடிவம் எனக் கொள்ளலாம். வேட்டைக்கத்தியும் வீட்டுக்கத்தியும் பேனாக்கத்தியும் அந்தச் செதிலின் வாரிசுகளே. அருகிலுள்ள அல்லிக்குழி மலைகளிலிருந்து உருண்டு வந்த குவார்ட்சைட்டு என்னும் கடினமான கல்லே இதற்கு மூலப்பொருள்.

எவ்வளவு பழையவை இவை? சாந்தி பப்பு அவர்களின் தலைமையில் அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் முறையான அகழாய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2011இல் வெளிவந்தபோது உலகமே வியந்தது. மிகக் கீழடுக்கில் கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! இதை எவ்வாறு கணித்தார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதைத் தாக்கி, அதற்குள் சில அரிய அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் புதிய அணுக்கள் உண்டாவது நின்றுவிடுகிறது; உள்ளவை அவற்றுக்குரிய வேகத்தில் தேய்கின்றன. எஞ்சியதை அளந்தால் புதைந்த காலம் தெரியும். கல்லே தனக்குள் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. அதே அடுக்கிலே விலங்குகளின் பற்கள் சிலவும், குளம்புகள் அழுந்திய சுவடுகளும் கிடைத்திருக்கின்றன. ஈரமான களிமண்ணில் நடந்து சென்ற விலங்கும், அதை நோக்கிக் கல்லோடு காத்திருந்த கையும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன அல்லவா? அந்தக் கை நம் இன மனிதனின் கையன்று. நம் இனம் தோன்றுவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே வாழ்ந்த மூதாதையரின் கை அது.

2018இல் வந்த மற்றோர் ஆய்வு இதற்கு நிகரான வியப்பைத் தந்தது. சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அத்திரம்பாக்கத்தில் கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது என்று அது கூறிற்று. கனமான கைக்கோடரி குறைகிறது; சிறிய, மெல்லிய கருவிகள் பெருகுகின்றன. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய முறையில் கல்லைச் செதுக்கிச் செதுக்கி இறுதியில் கருவி கிடைக்கும். புதிய முறையிலோ, முதலில் மூலக்கல்லின் முகத்தைத் திட்டமிட்டு ஒழுங்குபடுத்துகிறார்கள். பின்பு ஒரே அடி. எண்ணியபடியே ஒரு செதில் கழன்று விழுகிறது. அந்தச் செதிலின் வடிவம் கல்லில் தோன்றுமுன் கருத்தில் தோன்றியாக வேண்டும். கை செய்வதற்கு முன் மனம் செய்து பார்த்துவிட்டது. அறிவு என்று நாம் போற்றுவது இதுதானே! அன்று எழுத்து இல்லை. ஆயினும் எந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும் என்ற அறிவு ஒரு தலைமுறையின் கையிலிருந்து மறு தலைமுறையின் கைக்குப் பார்த்தும் பழகியும் இறங்கி வந்தது. கைவழி வரும் கல்வியின் பெருமை அது. அதன் அபாயத்தைப் பிறகு சொல்கிறேன்.

கல்லிலிருந்து இரும்புக்கு வருவோம். கொசத்தலையாற்றங்கரையில் திருவள்ளூரை அடுத்துள்ள பட்டரைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2015-16ஆம் ஆண்டில் அகழாய்வு செய்தது. அங்கே பழைய கற்கருவிகளும், பெருங்கற்கால எச்சங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தன. கற்கருவி செய்தவன் நடந்த மண்ணிலேயே எழுதத் தெரிந்தவனும் வாழ்ந்திருக்கிறான். தெற்கே ஆதிச்சநல்லூரின் தாழிகளோடு இரும்பாலான வாள்களும் ஈட்டிகளும் கத்திகளும் வெளிப்பட்டன. மறைந்தவனுக்குத் துணையாக அவன் கைக்கருவியையும் வைத்து வழியனுப்பியிருக்கிறார்கள் முன்னோர்கள். தமிழகத்தில் இரும்பின் பழமை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சிவகளையில் கிடைத்த சான்று கி.மு. 3345 என்று அதில் குறிக்கப்பட்டுள்ளது. இது குறித்து அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். நமக்கு இப்போது வேண்டியது இரும்பைக் காட்டிலும் அதன் மேம்பட்ட வடிவமாகிய உருக்கு.

இரும்பு வளையும், உருக்கு கூர்மையைத் தாங்கும். நல்ல கத்திக்கு வேண்டுவது உருக்குத்தான். தென்னாட்டுக் கொல்லர்கள் அதை எவ்வாறு செய்தார்கள் தெரியுமா? சிறு மட்குகையில் இரும்புத் துண்டுகளை இட்டு, அவற்றோடு காய்ந்த ஆவாரங்குச்சிகளைப் போட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் ஏற்றுவார்கள். துருத்தியால் ஓயாது ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பிலே சிறிதளவு கலந்து, இரும்பு உருகி உருக்காகும். குகையை உடைத்தால் கையளவு கட்டி ஒன்று கிடைக்கும். நம் வேலியோரத்து ஆவாரையும், பாழ்நிலத்து எருக்கும் சேர்ந்து விளைத்த செல்வம் அது! கப்பலேறிச் சென்ற அந்தக் கட்டிகளைக் கொண்டு மேற்காசியக் கொல்லர்கள் அடித்த வாள்கள்தாம் தமாஸ்கஸ் வாள்கள் என்று உலகப் புகழ் பெற்றன. ஆங்கிலேயர் அவ்வுருக்கை 'ஊட்சு' என்று அழைத்தார்கள். உருக்கைக் குறிக்கும் நம் தென்னாட்டுச் சொல்லே திரிந்து அவ்வாறு ஆயிற்று என்பர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த உருக்குக் கட்டிகள் சில இலண்டன் மாநகரிலுள்ள ராயல் சொசைட்டிக்குச் சென்றன. ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவ அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1795இல் ஒரு கட்டுரை வாசித்தார். உருக்கின் தரத்தைச் சோதிக்க வேண்டுமே, என்ன செய்தார்கள்? பீரங்கி வார்த்தார்களா? இல்லை. ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தித் தொழிலாளரை அழைத்து, ஒரு துண்டைக் காய்ச்சி அடித்து, ஒரு பேனாக்கத்தி செய்யச் சொன்னார்கள்! அடிப்பதற்கு மிகவும் சிரமமாக இருந்தது. ஆனால் கத்தி முடிந்தபோது அதன் முனை இங்கிலாந்தின் மிகச் சிறந்த உருக்குக்குச் சமமாக வெட்டிற்று. இங்கே வழங்கும் எந்த உருக்கையும்விடப் பல காரியங்களுக்கு இது மேலானது, மருத்துவர்களின் அறுவைக் கருவிகளுக்கு மிகவும் ஏற்றது என்பது ஸ்டோடர்ட் கொண்ட முடிவு. நம் கொல்லனுக்கு இதைவிட நல்ல நற்சான்று வேறு யார் தர முடியும்?

அந்த ஸ்டோடர்டோடு பின்னர் சேர்ந்து உழைத்தவர் யார் என்று கேட்டால் மாணவர்கள் மகிழ்வார்கள். மைக்கேல் பாரடே! மின்சாரத்தைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்புகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றுக்கு முன்னரே, 1819இல், இந்திய உருக்கின் கூறுகளை ஆராய்ந்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டுகளில் ஸ்டோடர்டோடு சேர்ந்து, இரும்போடு வேறு உலோகங்களைக் கலந்து பல சோதனைகள் செய்தார். பாரடே ஒரு கொல்லரின் மகன்; இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். தந்தையின் உலைக்களமும் தம்முடைய புத்தகக் கட்டும் அவருக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. பட்டறையில் கண்டதை அவர் எழுதினார். எழுதியதை மற்றவர்கள் படித்தார்கள். படித்தவர்கள் மேலும் செய்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். சென்னை அரசாங்கப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், அப்பணியை விட்டுப் பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். நம் கொல்லர்கள் உருக்குச் செய்யும் முறையை அவர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். நான் மேலே கூறிய ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் அவர் எழுத்தில் வருவனவே. அவர் 1839இல் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். உருகும் உருக்கோடு மாங்கனீசு சிறிது சேர்த்தால், சாதாரண இரும்பிலிருந்தும் நல்ல உருக்குக் கிடைக்கும் என்பது அவர் கண்ட முறை. ஷெபீல்டில் கத்தி செய்வதற்குரிய உருக்கின் விலை அதனால் வெகுவாகக் குறைந்தது. ஆலை முதலாளிகள் அம்முறையைச் சற்றே மாற்றிக் கையாண்டு, அவருக்குச் சேர வேண்டியதைத் தர மறுத்தார்கள். வழக்கு நீண்டது, முடிவு காணுமுன் ஹீத் மறைந்தார். பின்னர் மலிவான ஷெபீல்டுக் கத்திகள் கப்பல் கப்பலாக இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கின. ஊட்சு உருக்குச் செய்த உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. நம் உருக்கில் பேனாக்கத்தி செய்து பார்த்து வியந்த நாடு, நமக்கே பேனாக்கத்தி விற்கும் நாடாயிற்று!

'பேனாக்கத்தி' என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். இன்று பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? அக்காலத்துப் பேனா பறவையின் இறகு. அதன் முனை தேயும்தோறும் சீவ வேண்டும். சென்னைக் கோட்டையில் கணக்கெழுதிய கம்பெனி எழுத்தர்களுக்கு அதற்கென ஒரு சிறு கத்தி வேண்டியிருந்தது. பின்னர் உருக்கினால் ஆன பேனாமுள் வந்தது. இறகுப் பேனா மறைந்தது. ஆனால் கத்தியின் பெயர் மாறவில்லை. பென்சில் சீவியபோதும், மாங்காய் நறுக்கியபோதும் அது பேனாக்கத்தியாகவே இருந்தது.

ஆனால் எழுதுகோலும் கத்தியும் ஒன்றுசேர்ந்தது ஆங்கிலேயர் வந்த பிறகுதான் என்று எண்ண வேண்டா. நம்மிடம் ஏட்டுக்காலத்திலேயே அதைவிட அழகான ஒரு கருவி இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. எழுத்தாணிகள் பலவகை. தலைப்பக்கம் குண்டாகவும் கனமாகவும் இருப்பது குண்டெழுத்தாணி. எழுதப் பழகுபவர்களுக்கு உரியது. மேற்புறம் கத்தியாக அமைந்திருப்பது வாரெழுத்தாணி. பனையோலையின் ஓரங்களை வாரி ஒழுங்குசெய்ய அக்கத்தி உதவும். மூன்றாவதாகிய மடக்கெழுத்தாணியில், ஒரே பிடியின் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியும் இருக்கும்; இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். வழிநடையில் போகும் புலவரும் கணக்கரும் அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கும் செல்லலாம். ஓலையை நறுக்குவதும், அதில் எழுதுவதும் ஒரே கருவியின் வேலை. இன்று உலகெங்கும் புகழ்பெற்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பல்பயன் கத்தி, அதிகாரிகளுக்கென 1897இல் பதிவு செய்யப்பட்டது. பல கருவிகளை ஒரே பிடிக்குள் மடக்கும் அந்த எண்ணம், பனையோலை நாட்டுக்குப் புதிதன்று என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

கையோடு கொண்டுசெல்லும் கத்திகளில் வேறு பலவும் நம்மிடம் உண்டு. பனையேறி இடுப்பில் கட்டிய பெட்டியில் பாளையரிவாள் வைத்திருப்பார். பாளையை இலேசாகச் சீவ அதன் முனை சவரக்கத்தி போல் இருந்தாக வேண்டும். பாட்டியின் சுருக்குப்பையில் பாக்குவெட்டி இருக்கும். குடகு நாட்டினர் தம் மரபுடையின் இடைக்கச்சையில் வெள்ளி வேலைப்பாடு அமைந்த பீச்சேகத்தியைச் செருகிக்கொள்வார்கள். நேபாளத்துக் கூர்க்கர்களின் குக்ரி உறையில் பெரிய கத்தியோடு இரண்டு சிறிய துணைகளும் செருகப்பட்டிருக்கும்: ஒன்று சிறு வேலைகளுக்குரிய கத்தி, மற்றொன்று தீத்தட்டவும் தீட்டவும் உதவும் இரும்பு. பெரிய கத்தி பெயர் வாங்குகிறது. நாள்தோறும் வேலை செய்வதோ அந்தச் சிறிய கத்திதான்!

இங்கே ஒரு கேள்வி எழும். கத்தி கருவியா, ஆயுதமா? தமிழ்மொழி இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. சூரி, பிச்சுவா என்ற பெயர்களைக் கேட்டால் நமக்கு அச்சம் உண்டாகிறது. அரிவாள்மணை, பாக்குவெட்டி, பேனாக்கத்தி என்றால் அச்சம் இல்லை. இரும்பு ஒன்றே; நோக்கம் வேறு. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் செல்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962இல் வகுக்கப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்த்தன. ஆனால் வீட்டுக்கும், உழவுக்கும், அறிவியலுக்கும், தொழிலுக்கும் என்றே செய்யப்பட்டவற்றை விலக்கின. சட்டம் அலகை அளக்கிறது. அதோடு நோக்கத்தையும் அளக்கிறது. பள்ளிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் விமானத்துக்கும் கத்தியை எடுத்துச் செல்லலாகாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உரிய இடத்தில், உரிய வேலைக்கு, உரிய பழக்கத்தோடு எடுக்கப்படும்போதுதான் கத்தி கருவி எனும் பெயருக்குத் தகுதி பெறுகிறது. சினத்தோடு எடுத்த கணத்தில் அது அந்தப் பெயரை இழந்துவிடுகிறது.

இனி, முன்னே நான் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். மடக்கெழுத்தாணியில் கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடியில் இருந்தன. ஆனால் அதைச் செய்த கையும், அதனால் எழுதிய கையும் வேறு வேறாகவே இருந்தன. கொல்லர் உருக்கைக் காய்ச்சினார். புலவர் காவியம் எழுதினார். உலையின் நிறம் எப்படியிருக்கும்போது குகையை இறக்க வேண்டும், எந்த மண்ணில் குகை வனைய வேண்டும், எத்தனை நாழிகை ஊத வேண்டும் என்பவை பெரும்பாலும் தந்தை காட்ட மகன் கண்டு பழகிய செய்திகளாகவே நின்றன. உடலுழைப்பைத் தாழ்வாகக் கருதிய சாதிப் பிரிவினை, உலைக்களத்தையும் ஏட்டையும் ஒன்றுசேர விடவில்லை. விளைவு என்ன? உலை அவிந்தபோது, ஒரு தலைமுறை முடிவதற்குள் அறிவும் அவிந்தது. இன்று நம் முன்னோர் உருக்குச் செய்த முறையை அறிய ஹீத் போன்ற அயலாரின் எழுத்தையும், கொடுமணல் போன்ற இடங்களில் மண்ணுக்குள் கிடைத்த உலைகளையும் நாட வேண்டியிருக்கிறது. பியர்சன் ஒரு பேனாக்கத்தியைச் செய்வித்துப் பார்த்து எழுதினார்; பாரடே உருக்கின் கூறுகளை ஆராய்ந்து எழுதினார். நாமோ பல நூற்றாண்டுகள் செய்தோம், எழுதவில்லை. என் கருத்தில், உலகச் சந்தையில் நாம் கண்ட தோல்விக்கு அயலாட்சியும் மலிவான இறக்குமதியும் காரணங்கள் என்றால், இதுவும் ஒரு காரணம்.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை 1949இல் தோன்றியது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் அமைந்து, 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்தது. அன்று முதல் இந்த மேற்குப் புறநகரில் ஆயிரமாயிரம் கைகள் உலோகத்தை வெட்டிக்கொண்டிருக்கின்றன. லேத் எந்திரத்தில் பொருத்தும் வெட்டுக்கருவி என்பது என்ன? எந்திரம் பிடித்திருக்கும் கைக்கத்திதான் அது. அதை அரைகல்லில் தீட்டும் முதிய தொழிலாளி, தெறிக்கும் பொறியின் நிறத்தையும், விரலில் படும் அதிர்வையும், எழும் ஒலியையும் கொண்டே முனை சரியாக அமைந்ததா என்று சொல்லிவிடுகிறார். கொசத்தலையாற்றங்கரையில் கல்லின் கோணத்தைக் கணித்த கைக்கும் இந்தக் கைக்கும் இடையே நான் பெரிய வேறுபாடு காணவில்லை. கணிப்பொறி இயக்கும் எந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில், அந்தக் கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று வருகின்றன. அவர்கள் அறிந்ததை யார் எழுதி வைப்பது?

மாணவ நண்பர்களே! இந்தப் பணியை நீங்கள் செய்யலாம். உங்கள் தெருவில் தச்சர் இருப்பார், கொல்லர் இருப்பார், சாணை பிடிப்பவர் வருவார், தொழிற்பேட்டையில் உழைத்த பெரியவர் இருப்பார். ஒரு மாலைப் பொழுது அவர் அருகே அமருங்கள். முனையை எந்தச் சாய்வில் பிடிக்கிறார், எதனால் அப்படிப் பிடிக்கிறார், யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். அவர் வழங்கும் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும், பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கும் சென்று கற்கருவிகளைக் கண்ணாரக் காணுங்கள். வழியில் செதுக்கிய கல் எதையேனும் கண்டால் எடுத்துவந்துவிடாதீர்கள். அது கிடக்கும் இடமும் அடுக்கும்தான் அதன் வயதைச் சொல்லும் சாட்சிகள். இடம்பெயர்ந்த கல் பாதி ஊமையாகிவிடும். சரளைக்காகக் குழி தோண்டும் இடத்தில் அத்தகைய கற்களைக் கண்டால், உங்கள் ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பல்லாவரத்தில் பூட் அவர்களின் கண்ணில் பட்டதும் அத்தகைய ஒரு குழியில்தான். அவர் குனிந்து பார்க்காதிருந்தால், அக்கல்லும் மற்றக் கற்களோடு கல்லாகப் பாதையில் கொட்டப்பட்டிருக்கும்.

கையால் செய்யக் கற்றவர் எழுதவும், எழுதக் கற்றவர் கையால் செய்யவும் முன்வருவாரானால், கத்தியும் எழுத்தாணியும் மீண்டும் ஒரே பிடியில் சேரும். அப்படிச் சேர்ந்த பிடி நம் தலைமுறையின் கையில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.